இரண்டாம் தரப்பு

"உட்காருங்க பெரியவரே" என்று தாசில்தார் சொன்னதும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று தனகோட்டிக்கு இப்போதுதான் உறைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை நாற்காலி, இந்தப் பக்கம் ஒரு வரிசை நாற்காலி, எதிரும் புதிருமாகப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஊர்ப் பெரியதனக்காரர் ராசவேலுவும் அவருடைய ஆட்களும் ஏற்கெனவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் தனகோட்டியும் காலனி வார்டு மெம்பர் மலர்க்கொடியும். இவர்கள் உட்கார்ந்த சூடு நாற்காலியில் ஏறுவதற்குள் மூலையில் இருந்த எழுத்தர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்: முதல் தரப்பு, ராசவேலு வகையறா. இரண்டாம் தரப்பு, தனகோட்டி வகையறா. முடிந்தது. அக்காவைப் பறிகொடுத்த தம்பியாக வீட்டை விட்டுக் கிளம்பியவர் இப்போது ஒரு தரப்பு. அக்கா சாலாட்சி காலனியில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறாள். சுடுகாட்டுக்குப் போக வழி இரண்டு. ஒன்று ஊர்த்தெரு வழியாகப் போகிற பஞ்சாயத்துத் தார்ச்சாலை. இன்னொன்று வாய்க்காலில் இறங்கிக் கரையேறி வரப்பு மேல் நடப்பது. காலனியில் விழுந்த பிணமெல்லாம் இதுவரைக்கும் வாய்க்காலில் இறங்கித்தான் போயிருக்கிறது. அக்காவைத் தார்ச்சாலையில் கொண்டு போக வேண்டும், பொழுது சாய்வதற்குள் கொண்டு போக வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதில் தரப்பு எங்கிருந்து வந்தது? அவர்தான் கொண்டுவந்தார். வேறு யார்? "போலீசுக்கும் தாலுகாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுப்போம், சட்டம் நம்ம பக்கம் இருக்குது" என்று விடிந்ததும் விடியாததுமாகச் சொன்னவர் அவர்தான். அக்கா மகன் இளவழகன் அப்போதே கேட்டான், "எதுக்கு மாமா சொல்லணும்? ஊர்க்காரன் செத்தா யார்கிட்டயாவது சொல்லிட்டா எடுக்கறான்? தூக்கிக்கினு போய்க்கினே இருப்போம்." பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். கேட்காத வரைக்கும் அது வழி. கேட்ட மாத்திரத்தில் கோரிக்கை. கோரிக்கை என்று ஒன்று வந்துவிட்டால் அதை மறுக்க ஓர் ஆள் வேண்டும், மறுக்கிற ஆளுக்கு நாற்காலி வேண்டும், நாற்காலி போட்டால் டீ வேண்டும். டீயும் வந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி காகிதக் கப். அதை நீட்டும்போது தாசில்தார் முகத்தில் ஒரு திருப்தி இருந்ததைத் தனகோட்டி பார்த்தார். பார், என் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே கப் என்கிற திருப்தி. நீதி என்பதைக் காகிதக் கப்போடு முடித்துக்கொள்கிற மனசு. டீயைத் தொடாமல் வைத்தார். மேலே பாலாடை கட்டிக்கொண்டது.

தாசில்தார் கெட்டவர் இல்லை. அதுதான் கோபத்தைக் கூட்டியது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு எழுந்து போகலாம். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் பெரியவரே, அமைதி. ஒரு சொட்டு ரத்தம் விழாம இந்த அம்மாவை நல்லபடியா அனுப்பி வைக்கணும், அவ்வளவுதான்" என்கிறார். மனசாரத்தான் சொல்கிறார். அமைதி. இந்தச் சொல்லைத் தனகோட்டி எவ்வளவோ காலத்துக்கு முன்னால், ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தபோது கேட்டுப் பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த புத்தகங்கள். அரசியல் தத்துவம் என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே மேல்நாட்டார் சொன்னதையெல்லாம் பல் உடையும் தமிழில் யாரோ புண்ணியவான் பெயர்த்து வைத்திருப்பார். இரண்டு ரயிலுக்கு நடுவில் ஒரு பக்கம் புரிந்தால் அன்றைக்குப் பெரிய காரியம். அதில் ஒரு இங்கிலீஷ்காரர் சொல்லியிருந்தார்: அரசு என்று ஒன்று இல்லாத காலத்தில் எவனும் எவனையும் அடிக்கலாம், யாருக்கும் தூக்கம் கிடையாது, ஆகவே எல்லோரும் கூடித் தங்கள் தங்கள் தடியைக் கீழே போட்டுவிட்டு ஒருவன் கையில் மட்டும் தடியைக் கொடுத்தார்கள், அமைதி வந்தது. அன்றைக்கு அது பெரிய உண்மையாகப் பட்டது. இன்றைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற ராசவேலுவைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. எல்லோருமா கீழே போட்டார்கள்? நாங்கள் போட்டோம். இவர்கள் எப்போது போட்டார்கள்? போட்டிருந்தால் இந்தத் தாசில்தார் எதற்காக ரத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும்? யாருடைய ரத்தம் விழும் என்று நினைக்கிறார்? பாடையைத் தூக்குகிறவன் இரண்டு கையாலும் பாடையைத் தூக்கியிருப்பான். அவன் யாரை அடிக்க முடியும்? அடிக்கப் போகிறவனை இவருக்குத் தெரியும், அவன் பெயர் தெரியும், அவன் இந்த அறையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரியும், ஆனால் அமைதி காக்கச் சொல்லிக் கேட்பது என்னை. அடிக்கிறவனிடம் அடிக்காதே என்று சொல்லத் தைரியம் இல்லாத அரசு, அடி வாங்குகிறவனிடம் வந்து வழியில் நிற்காதே என்று கெஞ்சுகிறது. அதற்கு அமைதிப் பேச்சுவார்த்தை என்று பெயர் வேறு.

"காப்பு கட்டியாச்சுங்க" என்று ராசவேலு ஆரம்பித்தார். "அம்மனுக்குக் காப்பு கட்டினா திருவிழா முடியறவரைக்கும் ஊருக்குள்ள பொணம் போவக்கூடாது. இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. நாங்க ஒண்ணும் சாதி கீதின்னு பேச வரல. தனகோட்டி அண்ணனையே கேளுங்க, அவருக்குத் தெரியாததா?" அண்ணனாம். தனகோட்டிக்குச் சிரிப்பு வந்தது. தாசில்தார் முன்னால் மட்டும் பூக்கிற அண்ணன். அவரைவிட வயதில் சின்னவர் ராசவேலு. ஊர் முனையில் பார்த்தால் "ஏய் தனகோட்டி" என்பார், பள்ளிக்கூடம் போகிற அவர் பேரனும் அப்படித்தான் கூப்பிடுவான். மலர்க்கொடி விடவில்லை. "அய்யா, காப்பு இந்த வருசம். போன தடவை எங்க சின்ன மாமனாரு செத்தப்போ காப்பு இல்லியே, அப்ப என்னா சொன்னீங்க? தெருவுல கல்யாணப் பந்தல் போட்டிருக்குதுன்னீங்க. அதுக்கு மின்னாடி கோயிலுக்கு சுண்ணாம்பு அடிச்சு ஈரம் காயலன்னீங்க. எங்க ஆளுங்க சாவறதுக்கு நீங்களே ஒரு நல்ல நாள் பார்த்துக் குடுத்துடுங்க, அன்னிக்கா பார்த்து செத்துக்கறம்." தாசில்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் கூடச் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு மீசையைத் தடவி, "ஏம்மா, மெம்பரா இருந்துக்கினு நீயே தூண்டி விடற மாதிரி பேசலாமா?" என்றார். பேசினால் தூண்டுதல். பேசாவிட்டால் சம்மதம். மலர்க்கொடி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "பேசறதுக்குத்தான் சார் எனக்கு ஓட்டுப் போட்டிருக்காங்க" என்றாள்.

அந்தச் சாலையில் அக்கா நடக்காத நாள் உண்டா? அதை நினைத்தபோது தனகோட்டிக்குக் காது மடல் சூடாயிற்று. கீரைக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்த்தெருவில் வீட்டுக்கு வீடு நின்று, "முளைக்கீரை, சிறுகீரை" என்று கூவியவள். இந்த ராசவேலுவின் தாயார், சாலாட்சி வந்தால்தான் உலை வைப்பாள் என்பார்கள். அம்மன் வாசலைக் கடந்துதான் போனாள், காப்பு கட்டின நாளிலும் போனாள், திருவிழா என்றால் கீரை கூடுதலாகவே விற்றது. அப்போது தீட்டில்லை. மூச்சு இருக்கிறவரைக்கும் அந்தக் கால்கள் கீரை கொண்டுவந்தன, ஆகவே தார் அவற்றைத் தாங்கிக்கொண்டது. மூச்சு நின்று, தானாக நடக்க முடியாமல் நாலு பேர் தோளில் ஒரே ஒரு தடவை அதே வழியாகப் போகவேண்டும் என்றால் சாலை வெடித்துவிடும். ராசவேலு சாதி பேசவில்லையாம். வேலை செய்ய வருகிறவர்களுக்குச் சாலை உண்டு, வேலை முடிந்தவர்களுக்குக் கிடையாது என்று நேராகச் சொல்லிவிட்டால் கூட ஒரு மரியாதை இருக்கும். அக்காவுக்கு இதெல்லாம் புத்தகம் இல்லாமலே தெரியும். ஒருநாள் புத்தகத்தில் படித்த ஒரு யோசனையை ஆசையாக அவளிடம் சொன்னார். "அக்கா, ஒருத்தர் சொல்றாரு, நாட்டுக்குச் சட்டம் எழுதறவங்கள்லாம் பொறக்கறதுக்கு முன்னாடியே கூடி உக்காந்து எழுதணுமாம். யாரு எந்த வீட்ல பொறப்போம்னு யாருக்கும் தெரியக்கூடாது. அப்பதான் எல்லாருக்கும் ஞாயமா எழுதுவாங்களாம்." அக்கா கீரைக்கட்டுக்கு வாழைநார் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "எந்த வீடுன்னு தெரியாதாமா? அம்மா வயித்துல இருக்கும்போதே மிராசு வயல்ல நாத்து நட்டவடா நானு. எனக்குத் தெரியாதா எந்த வீட்ல பொறப்பேன்னு?" என்றாள். பிறகு சிரித்தாள். வெற்றிலைக் காவி ஏறிய பல்லோடு அப்படி ஒரு சிரிப்பு. அந்த யோசனையை எழுதின மனுஷர் கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார், அல்லது எழுதுகோலை வைத்துவிட்டுப் போயிருப்பார்.

"இந்த ஒரு முறை மட்டும்னு போட்டுக்கலாம்" என்று தாசில்தார் எழுத்தரிடம் சொல்வது கேட்டது. "இந்த ஒரு முறை மட்டும் இரண்டாம் தரப்பார் வழக்கமான பாதை வழியாக உடலை எடுத்துச் செல்ல மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறார்கள். இது முன்னுதாரணம் ஆகாது. அப்படிப் போடுங்க." வழக்கமான பாதை. வாய்க்காலுக்கு எவ்வளவு கௌரவமான பெயர். சிந்தாமணியை அந்த வழக்கமான பாதையில்தான் கொண்டு போனார்கள். தனகோட்டியின் மனைவி. ஐப்பசி மாதம், வாய்க்கால் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள், முன்னால் பிடித்தவன் கால் சேற்றில் வழுக்க, பாடை ஒருக்களித்துச் சாய்ந்தது, அவள் வலது கை துணிக்குள்ளிருந்து நழுவித் தண்ணீரில் அளைந்தது. ஓடுகிற தண்ணீரில் குழந்தை கையை விட்டு விளையாடுவது போல. அக்காதான் கரையிலிருந்து கத்தினாள், பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை என்ற வழக்கத்தையும் மீறிப் பின்னாலேயே வந்திருந்தாள், "டேய், நான் செத்தா என்னைய இப்படித் தூக்காதீங்கடா, ரோட்ல தூக்க முடியலன்னா ஊட்டுக்குள்ளயே பொதைச்சிடுங்கடா" என்று கத்தினாள். அன்றைக்குத் தனகோட்டிக்குக் கோபம் வரவில்லை. துக்கம்தான் வந்தது. கோபம் என்பது நமக்குக் கிடைக்க வேண்டியது ஒன்று கிடைக்கவில்லை என்று தெரிந்தால்தானே வரும்? தெரிய வைத்தவை அந்தப் பாழாய்ப்போன புத்தகங்கள்தான். நஞ்சு குடித்துச் செத்த கிரேக்க நாட்டுக் கிழவரின் கதை அதிலொன்றில் இருந்தது. சிறையிலிருந்து தப்பிக்க நண்பர்கள் எல்லா ஏற்பாடும் செய்து வைத்தும் அவர் போகவில்லையாம். இந்த நகரத்துச் சட்டங்கள்தான் என்னைப் பெற்று வளர்த்தன, அவை தப்பான தீர்ப்புக் கொடுத்தாலும் நான் மீறமாட்டேன் என்றாராம். கேட்டுக் கொட்டகையில் படித்துவிட்டு அழுதிருக்கிறார் தனகோட்டி. எவ்வளவு பெரிய மனுஷன் என்று. ஆனால் அந்தக் கிழவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது என்ன? தெருவில் நடந்தது. கடைவீதியில் நடந்து நடந்து, எதிர்ப்பட்டவனையெல்லாம் நிறுத்தி, நீதி என்றால் என்ன சொல் பார்க்கலாம் என்று கேட்டது. யாரும் அவரை, ஏய், இது எங்கள் தெரு, செருப்பைக் கையில் எடு என்று சொல்லவில்லை. அவரை வளர்த்த சட்டம் அவருக்கு முதலில் ஒரு தெருவைக் கொடுத்தது. பிறகுதான் நஞ்சைக் கொடுத்தது. எங்களுக்கு நஞ்சை மட்டும் கொடுத்துவிட்டு, குடி, நல்ல குடிமகன் என்றால் குடித்துவிட்டு மனப்பூர்வமாகக் குடித்தேன் என்று கையெழுத்தும் போடு என்கிறது.

ஏன் கையெழுத்து? எண்ணம் அங்கே போய் முள்ளில் துணி மாட்டியது போல மாட்டிக்கொண்டது. மறிப்பதற்கு ஆள் இருக்கிறது, தடி இருக்கிறது, போலீஸ் வேன் வெளியில் நிற்கிறது, அக்காவை வாய்க்காலில் இறக்க நினைத்தால் இறக்கிவிடலாம். பிறகு ஏன் இந்தக் கிழவனின் கையெழுத்துக்கு இத்தனை பேர் காத்துக்கிடக்கிறார்கள்? அவருடைய கையெழுத்து அவ்வளவு அழகில்லை. ரயில்வேயில் கேட்டைச் சாத்தினதற்கும் திறந்ததற்கும் போட்டுப் போட்டுத் தேய்ந்த கையெழுத்து. அந்தக் கேட்டில் ஒரே ஒரு சுகம் இருந்தது. சிக்னல் விழுந்தால் சாத்தவேண்டும், யாருக்கும் திறக்கக்கூடாது. கலெக்டர் கார் நிற்கும். மாட்டுவண்டி நிற்கும். இதே ராசவேலு, அப்போது இளந்தாரி, புல்லட்டில் வந்து ஆரன் அடித்து, "தெறடா கேட்ட" என்றிருக்கிறான். "சிக்னல் இருக்குதுங்க" என்பார் தனகோட்டி. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கையெழுத்துக் கேட்டாரா அவனிடம்? கேட்டுக்கு அந்தப் பக்கம் மனப்பூர்வமாக நிற்கச் சம்மதிக்கிறேன் என்று எழுதி வாங்கினாரா? சட்டம் தன் பக்கம் இருக்கிறவன் எதிராளியின் சம்மதத்தைக் கேட்பதில்லை. அப்படியானால், அப்படியானால் சம்மதம் கேட்கிறவன் யார்?

"பெரியவரே, நேரம் ஆவுது" என்றார் தாசில்தார். எழுத்தர் காகிதத்தைத் தள்ளினார். ராசவேலு முதலிலேயே போட்டுவிட்டார், சுழித்துச் சுழித்து. "போட்டுடு தனகோட்டி" என்றார் அவர், அண்ணன் எங்கோ கழன்று விழுந்திருந்தது. "நாளைக்கும் நாம ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கணும். ஒங்க புள்ளைங்க எங்க கொல்லைக்கு மல்லாட்டை புடுங்க வரணும், ஆடு மேய்க்கணும். நான் நல்லதுக்குச் சொல்றன்." அது உண்மை. இளவழகனின் மண்டை, மலர்க்கொடி வீட்டுக் கூரை, அறுப்புக்கு நிற்கிற குத்தகை நிலம், எல்லாம் அந்த மிருதுவான குரலுக்குள் இருந்தன. இன்ஸ்பெக்டர், "கையெழுத்து ஆவலன்னா சட்டம் ஒழுங்குன்னு சொல்லி பாடியை நாங்க ஆஸ்பத்திரி மார்ச்சுவரிக்குக் கொண்டு போக வேண்டி வரும், அப்புறம் எங்கள சொல்லக்கூடாது" என்றார். தனகோட்டி பேனாவை எடுத்தார். மலர்க்கொடி மூச்சை இழுப்பது கேட்டது. "பெரியப்பா" என்றாள், மெதுவாக. அவளுக்கும் பயம். கூரை அவளுடையது.

பேனா முனை காகிதத்துக்கு மேலே நின்றது. இன்னொரு வெள்ளைக்காரர் எழுதினது நினைவுக்கு வந்தது. எதற்கு இப்போது வருகிறது என்று எரிச்சலாகக்கூட இருந்தது. ஒரு நாட்டின் பொதுச் சாலையில் ஒருவன் தாராளமாக நடந்து போனாலே போதும், அந்த நாட்டு அரசுக்கு அவன் வாய் திறவாமல் இசைவு தந்ததாக ஆகிவிடும் என்று அவர் எழுதியிருந்தார். நடப்பதே கையெழுத்து என்கிறார் மனுஷர். அப்படிப் பார்த்தால் உலகத்தில் எல்லோரும் நடந்து கையெழுத்துப் போடுகிறார்கள், நம்மை மட்டும் நடக்காமல் இருப்பதற்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஏனென்றால், ஏனென்றால் நடக்காதே என்று சொல்ல இவர்களுக்கு வாய் கிடையாது. முள்ளிலிருந்து துணி விடுபட்டது. தாசில்தார் அப்படிச் சொன்னால் அவர் வேலை போய்விடும். இன்ஸ்பெக்டர் சொன்னால் அவர் மீது வழக்கு. ராசவேலு சொன்னால் வன்கொடுமைச் சட்டத்தில் உள்ளே போக வேண்டும். இந்த அறையில், இந்த நாட்டில், தனகோட்டியின் அக்காவைச் சாலையில் கொண்டு போகக்கூடாது என்று சொல்லும் உரிமை உள்ள ஒரே ஆள் தனகோட்டி. அவர் வாயாலேயே அதைச் சொல்ல வைக்கத்தான் இத்தனை நாற்காலி. கோபம் வந்தது. இத்தனை நேரம் இருந்த புகைச்சல் இல்லை. சுத்தமான, நிதானமான கோபம்.

பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"யாருக்குப் பெரியவரே?" என்றார் தாசில்தார்.

"அக்கா மவனுக்குங்க." இளவழகன் ஒரே மணியில் எடுத்தான். தனகோட்டி ஸ்பீக்கரைத் தட்டினார். பெண்கள் மாரடித்து அழும் ஓசை அந்த அறைக்குள் கொட்டியது, நடுவில் ஐஸ் பெட்டியின் உறுமல். "மாமா, என்னாச்சு? இங்க எல்லாரும் கேக்கறாங்க" என்றான் பையன்.

"இருடா. எல்லாரையும் கிட்ட வரச்சொல்லு. அய்யா பேசறாரு." போனை மேசை நடுவில், தாசில்தாருக்கு நேராக வைத்தார். "அய்யா, நான் படிக்காதவன். கையெழுத்தெல்லாம் வேணாம். எங்க அக்காளை அந்த ரோட்ல தூக்கிக்கினு போகக்கூடாதுன்னு நீங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சொன்னா நாங்க வாய்க்கால்லயே எறங்கிப் போறம். ஒங்க மேல சத்தியமா போறம்."

"அது வந்து, நான் எப்படிப் பெரியவரே அப்படிச் சொல்ல முடியும்?" தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார்.

"முடியாதுங்களா? சரி. இன்ஸ்பெக்டர் அய்யா, நீங்க?"

இன்ஸ்பெக்டர் ராசவேலுவைப் பார்த்தார். ராசவேலு எழுத்தரைப் பார்த்தார். "என்னா தனகோட்டி, நாடகம் ஆடற?" என்றார், ஆனால் போனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். போனில் அழுகை நின்றுவிட்டிருந்தது. காலனி முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மின்விசிறி சுற்றியது. காகிதத்தின் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது. மலர்க்கொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். தனகோட்டியும் எழுந்தார். முழங்கால் வலித்தது. குனிந்து, போனுக்குக் கிட்டே வாயைக் கொண்டு போனார்.

"கேட்டியாடா? அய்யாமாருங்க யாரும் வேணாங்கல. தூக்குங்க."